ஈரக்காற்றோடு மல்லுக்கட்டியவர்

அவர் என்னோடு கதைத்த முதல் வசனம், "இந்தத் துணியெல்லாத்தையும் கழட்டுங்க" என்பது. ஸலாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாம்புரிக்கு நாங்கள் குடிவந்து ஒரு கிழமை ஆகியிருக்கும். என் கணவருக்கு அங்கே இறால் பண்ணையில் வேலை கிடைத்திருந்தது. மாரி மழை தொடங்கிவிட்டது. மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவில் கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தில் மழை விட்டாலும் ஈரம் விடாது. தீக்குச்சி பற்றாது. பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்து வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் பிஸ்கட் நமத்துப் போயிருக்கும். கைக்குழந்தைக்காரி நான் என்ன செய்வேன்? மகனுடைய துணிகளை அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தேன். அதைத்தான் கழற்றச் சொன்னார்.

"ஏன் லாத்தா, என்ன பிரச்சினை?" என்றேன். அக்காவை நாங்கள் லாத்தா என்போம்.

"உங்கட ஈரம் செவருக்கு மேலால என்ட பக்கம் வருது. என்ட செடி அழுகிடும்."

அது ஒரே வீடு. நடுவில் பலகைச் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதி அவருடையது. மறு பாதி கொழும்பில் இருக்கும் அவருடைய தங்கச்சியுடையது. அதைத்தான் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தோம். பலகைச் சுவர் கூரை வரை போகவில்லை. கதை, மீன் பொரிக்கிற வாசம், குழந்தையின் அழுகை எல்லாம் அந்த இடைவெளியால் போய்வரும். ஈரமும் போகும் என்று நான் யோசித்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "புள்ளட துணி லாத்தா. உங்கட செடிக்காக என்ட புள்ளைய ஈரத்தில போடச் சொல்றீங்களா?"

என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பக்கம் போய்விட்டார். இனி இந்த வீட்டில் நாங்கள் இருந்த மாதிரித்தான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். பின்னால் அவருடைய கணவர், ஒரு கையில் மேசை பேன், மறு கையில் நைலோன் கயிறு.

"பின் விறாந்தையில கயிறு கட்டித் தருவாரு. பேன அதுக்கு நேரா வெச்சாப் பின்னேரத்துக்குள்ள காஞ்சிடும். உங்கட புள்ளயும் நல்லா இரிக்கோணும், என்ட செடியும் நல்லா இரிக்கோணும். ஒண்டுக்காக ஒண்டு சாகோணுமெண்டு ஆர் சொன்ன?"

அந்த "ஆர் சொன்ன?" என்பதை அன்றுதான் முதலில் கேட்டேன். அங்கே இருந்த காலம் முழுக்கப் பிறகு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் வாய்ப்பேச்சுக்குக் கேட்பார்கள். லாத்தா உண்மையாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்பார். சொன்ன ஆளின் பேர் தெரியும்வரை விடமாட்டார்.

குள்ளமான, இறுகின உடம்பு. வயது நாற்பது தாண்டியிருக்கும். தலையில் போட்ட முந்தானையின் ஒரு முனை எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். அதே இடுப்பில் வர்ணம் பூசுகிற சின்னத் தூரிகை ஒன்றும் இருக்கும். இலைக்கும் இலைக்கும் நடுவில் தங்கிய தண்ணீர்த் துளியை அந்தத் தூரிகையால் ஒற்றி எடுப்பார். மற்ற வீடுகளில் முன் அறையில் சோபா இருக்கும், கண்ணாடி அலுமாரி இருக்கும். அவர் வீட்டு முன் அறையில் யன்னலோரமாகப் பலகைத் தட்டுகள், தட்டு முழுக்கச் செடிகள். தாமரை மாதிரி இதழ் அடுக்கியது, வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்டது, பச்சை மணிகளைக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி ஒன்று. எல்லாம் தடித்த இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சாதி. பெரிய பூச்சட்டி ஒன்றுகூடக் கிடையாது. தயிர் வாங்கித் தீர்ந்த மண்சட்டிகளின் அடியில் ஓட்டை போட்டு அதில்தான் நடுவார். "பிளாஸ்டிக் சட்டி வேர்க்க விடாது. மண்சட்டி தானே குடிச்சுத் தானே காயும்" என்பார்.

ஊரார் அத்தனைக்கும் ஒரே பேர் வைத்திருந்தார்கள், கள்ளி. அவருக்குக் கள்ளி லாத்தா என்று பட்டம். களவெடுக்கிறவள் என்றும் அர்த்தம் வருமே, உங்களுக்கு ஒன்றும் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம், வெயில களவெடுக்கிறன்தானே" என்றார்.

அந்தச் செடிகளுக்கு வெளியே இடமில்லை. மாரி மழை அடித்தால் வேர் அழுகும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் கடல் உப்பு இலையில் படியும். மிச்சத்தை ஆடு தின்னும். அதனால் வீட்டுக்குள். வீட்டுக்குள்ளோ ஈரக்காற்று. லாத்தாவின் ஒவ்வொரு நாளும் அந்தக் காற்றோடு நடக்கும் சண்டைதான்.

விடிந்ததும் குசினிக்குப் போய் உப்புப் பானைக்குள் விரலை விடுவார். கல் உப்பு கலகலவென்று உதிர்ந்தால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றலாம். விரலில் ஒட்டினால் இல்லை. "உப்பு அழுவுது தங்கச்சி, இண்டைக்கு ஆருக்கும் தண்ணி இல்ல" என்று பலகைச் சுவருக்கு மேலால் எனக்கு அறிவிப்பார். அறைச் சுவரில் கணவர் மாட்டிக் கொடுத்த வட்ட மீட்டர் ஒன்று இருந்தது. காற்றில் எவ்வளவு ஈரம் என்று முள்ளு காட்டும். முதலில் உப்பைப் பார்ப்பார், பிறகு மீட்டரைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் திருப்தி. விடியற்காலைச் சுபஹு நேரம் யன்னல் திறக்கமாட்டார். அந்த நேரம் வெளிக்காற்றுத்தான் ஈரம் கூட என்பார். வெயில் ஏறினதும் பாதைப் பக்கத்து யன்னலையும் தோட்டத்துப் பக்கத்து யன்னலையும் ஒன்றாகத் திறப்பார். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் வெளியேற வேண்டும்.

"செடி இலையில தண்ணி வெச்சிரிக்கி. வேருக்குத் தாகம் வரோணும். காத்து நனைஞ்சு கெடந்தாத் தாகமே வராது. தாகமில்லாத வாயில தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? சொல்லுங்க பாப்பம்."

அவருடைய கணவர் கட்டாரில் ஏசி திருத்தும் வேலை பார்த்துவிட்டு வந்து, ஊரில் பிரிட்ஜ் திருத்தும் பட்டறை வைத்திருந்தவர். மெல்லிய, சிரித்த முகம். அங்கே காற்று பப்படம் மாதிரிக் காய்ந்து கிடக்கும் என்றும், இங்கே காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி நிரப்பலாம் என்றும் சொல்லுவார். பழைய பிரிட்ஜ் ஒன்றின் காற்றாடியைக் கழற்றிக் கூரைக்குக் கீழே பொருத்திக் கொடுத்திருந்தார். மேலே தேங்கும் ஈரக்காற்றை அது வெளியே தள்ளும். ஏசியே போட்டுத் தருகிறேன் என்றும் கேட்டிருக்கிறார். லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏசி போட்டா யன்னல மூடோணும். மூடின வீட்டில நான் இரிக்க மாட்டன்."

இந்தச் செடிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவர் கணவர்தான் கதை சொல்லுவார். கலியாணம் முடித்துப் பல வருசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நுவரெலியா பார்க்கப் போயிருக்கிறார்கள். திரும்பும்போது லாத்தா அந்தத் தாமரை மாதிரி இதழ் அடுக்கிய செடியில் சின்னது ஒன்றை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அது ஒரு மாதத்துக்குள் அழுகி விழுந்தது. பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அது மலைநாட்டுச் செடி, இந்த உப்புக் காற்றுக்கு வராது என்றாராம்.

"அந்த மனிசன் 'வராது' எண்டு சொல்லாட்டி, இவ அண்டைக்கே விட்டிருப்பா. அந்த ஒரு சொல்லாலதான் எனக்கு இருக்க இடமில்லாமப் போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒருமுறை கற்பிட்டிப் பக்கம் புதிதாக விடுதி கட்டுகிற ஒருவர் பெரிய வாகனத்தில் வந்து இறங்கினார். தட்டுகளைப் பார்த்து அசந்துபோய், விடுதியின் குளியலறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டு செடி வேண்டும் என்றார்.

"குளிக்கிற அறைக்கு யன்னல் இரிக்கா?" என்று லாத்தா கேட்டார்.

"கண்ணாடி போட்டிருக்கம். ஆனா தொறக்க ஏலாது."

"அப்ப தர ஏலாது."

அந்த மனிதருக்கு விளங்கவில்லை. "வாடினா மாத்திக்குவம்தானே. பூ மாத்துற மாதிரி."

"மாத்துறதுக்கெண்டாப் பிளாஸ்டிக்கில வாங்குங்க. அது எந்த ஆவியிலயும் கெடக்கும்."

வந்தவர் முகம் சிவந்து போனார். பட்டறை வாசலில் செப்புக் குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கணவர், சிரிப்பை மறைக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன்.

இப்படிப்பட்டவரோடு ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது எப்போதும் சுகமாக இருக்கவில்லை. மதுரங்குளியிலிருந்து என் மாமியார் எங்களைப் பார்க்க வந்த அன்று நல்ல மழை. அயல் வீட்டுக்காரியையும் பார்த்து ஸலாம் சொல்லுவோம் என்று லாத்தாவின் வாசலில் கால் வைத்தவரை, "குடைய வெளியில வைங்க மாமி, ஈரம் உள்ளுக்கு வருது" என்று நிறுத்திவிட்டார். குடையை வைத்த பிறகு, "சீலத் தலப்பையும் கொஞ்சம் புழிஞ்சிட்டு வாங்க" என்றார். மாமியார் தலைப்பையும் பிழியவில்லை, உள்ளேயும் போகவில்லை. இன்றைக்கும் அந்தக் கதை வந்தால் அவர் முகம் மாறிவிடும். இப்போது நாங்களும் மதுரங்குளியில்தான் இருக்கிறோம். ஆகவே அந்தக் கதை அடிக்கடி வரும்.

ஆனால் இன்னொரு நாளும் எனக்கு மறக்காது. இறந்தவருக்காகக் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுத்த ஒரு வீட்டில் பெண்கள் எல்லோரும் பாயில் இருந்தோம். ஊரில் பெரிய வாய் என்று பேர் எடுத்த ஒரு மாமி, என் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வீட்டுக்குள்ள முள்ளும் கள்ளியும் வளத்தா மடி எப்பிடி நெறையும்?"

லாத்தாவுக்குப் பிள்ளை இல்லை. பாயில் இருந்த அத்தனை பேரும் நடுவில் இருந்த சாப்பாட்டுச் சஹன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லாத்தா கையிலிருந்த கவளத்தைத் தின்று முடித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"மொதல் செடி என்ட வீட்டுக்கு வந்த நேரம் எனக்குக் கலியாணம் முடிஞ்சு பத்து வருசம் மாமி. அந்தப் பத்து வருசத்துக்கும் ஆரக் குத்தம் சொல்லப் போறீங்க? அல்லாஹ்வையா?"

மாமி அஸ்தஃபிருல்லாஹ் என்று முணுமுணுத்தார். லாத்தா எழும்பிக் கை கழுவப் போகவில்லை. கடைசி ஆள் சாப்பிட்டு முடியும் வரைக்கும் அதே இடத்தில் இருந்து சாப்பிட்டார். அன்று அவருக்குப் பசி இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த மாரியில் அவருடைய கணவர் மௌத்தானார். கடற்கரையில் மீன் வாடி ஒன்றில் ஐஸ் பெட்டி திருத்திக்கொண்டிருந்தவர், நெஞ்சு நோகுது என்று ஒரு கதிரையில் இருந்திருக்கிறார். அந்தக் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

கனமூலையில் இருந்து அவருடைய அண்ணன் வந்தார், நானா என்போம். தம்பியைக் குளிப்பாட்டியதும் அவர்தான், கபுருக்குள் இறங்கியதும் அவர்தான். அப்படி ஒரு ஆம்பிளை வாய்விட்டு அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற இத்தாவில் லாத்தா இருந்தார். தம்பியின் மனைவிக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் அந்த நானா நினைத்தார். ஆனால் ஜனாஸா எடுத்துக் கொஞ்ச நாளில் நீல நிறப் பிளாஸ்டிக் தறப்பாள் ஒரு சுருளும் சுத்தியலும் கொண்டுவந்தார். பாதைப் பக்கத்து யன்னல்கள் மேல் வெளியால் தறப்பாளைப் போர்த்தி ஆணி அடித்தார். தோட்டத்தில் தேங்காய் பறிக்க ஆட்கள் வருவார்கள் என்று பின் யன்னல்களுக்கும் அடித்தார்.

"தம்பி இல்லாத வீட்ட ரோட்டால போறவன் வாறவன் பாக்கப்படாது" என்று என் கணவரிடம் சொன்னார். "பள்ளி ஹஸரத்தும் சொன்னாரு." ஹஸரத் எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர்.

லாத்தா உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுத்தியல் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. அந்த நாட்களில் உப்புப் பானையை யாரும் தொடவில்லை. கூரைக் காற்றாடியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். சத்தம் மௌத்து வீட்டுக்குச் சரியில்லையாம். வெளியே விடாத மழை. வீட்டின் இரண்டு பாதியும் மூடி போட்ட பானை மாதிரி வேர்த்தது. சுவரைத் தொட்டால் கை நனைந்தது. பலகைச் சுவரில் பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாக ஏறியது. என் மகனுக்கு இருமல் பிடித்தது. அந்தப் பக்கத்தில் லாத்தாவுக்கு மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

"நானாவிட்ட ஒருக்கா சொல்லுங்களேன்" என்று என் கணவரைக் கேட்டேன்.

"மௌத்து வீடு. நாம வாடகைக்கு இரிக்கிற ஆக்கள். பொறு" என்றார்.

ஒரு காலை நான் கஞ்சி கொண்டுபோனபோது லாத்தா எழும்பி இருந்தார். மூக்கைச் சுழித்து, "உங்கட பக்கம் எலி ஏதும் செத்துக் கெடக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்ல லாத்தா."

வாசத்தைப் பிடித்துக்கொண்டு முன் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். இருட்டில் தட்டுகள் தெரியவில்லை. லைட்டைப் போட்டார். நுவரெலியாவுக்குப் பிறகு அவர் வளர்த்து எடுத்த பெரிய தாமரைச் செடியில் விரல் வைத்தார். இலைகள் அத்தனையும் ஒரு சத்தமும் இல்லாமல் கழன்று விழுந்தன. வெந்த வெங்காயம் மாதிரிக் கண்ணாடி நிறத்தில் இருந்தன. அடுத்த சட்டி, அடுத்தது என்று தொட்டுக்கொண்டே போனார். பிறகு சுவரில் மீட்டரைப் பார்த்தார். முள்ளு போக இடமில்லாமல் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

கணவர் மௌத்தான பிறகு லாத்தாவின் பழைய குரலை நான் கேட்டது அப்போதுதான்.

"இந்த மீட்டர அவரு என்னத்துக்கு மாட்டித் தந்தாரு? பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கவா?" திரும்பி என்னைப் பார்த்தார். "யன்னலுக்கு என்ன அடிச்சீக்கிறாங்க? ஆர் அடிச்ச?"

"கனமூலை நானா. ஹஸரத் சொன்னாராம்."

"ஹஸரத் சொன்னாரா? அப்ப ஹஸரத்தக் கூப்பிடுங்க. என்ட காதால கேக்கோணும்."

என் கணவரிடம் நான் கேட்கவில்லை. மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு குடையோடு ஹஸரத் வீட்டுக்குப் போய் அவருடைய மனைவியிடம் விசயத்தைச் சொன்னேன். லாத்தா நானாவுக்கும் போன் எடுத்திருந்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் முன் விறாந்தையில் வந்து இருந்தார்கள். வாசல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் லாத்தா. நான் என் பக்கத்து வாசலில்.

"ஹஸரத், யன்னலத் தொறந்து ஒரு துணியப் போட்டா என்ட இத்தாவுக்குக் கொறை வருமா?" திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. மூச்சு இழுத்து இழுத்துத்தான் கேட்டார்.

நானா முந்திக்கொண்டார். "நீங்கதானே ஹஸரத் சொன்னீங்க, இத்தா இரிக்கிற வீடு அடக்கமா இரிக்கோணுமெண்டு."

"ஓம், அடக்கமெண்டு சொன்னன்" என்றார் ஹஸரத். "அடைச்சு வைங்க எண்டு நான் சொல்லல்லயே. பாதையால போறவன்ட கண்ணுக்கு ஒரு திரை இரிந்தாப் போதும். காத்துக்குத் தடை இல்ல. திரைக்கு அங்கால இரிக்கிற அந்தப் புள்ளக்கு மூச்சு இழுக்கிறது உங்களுக்குக் கேக்கல்லயா?"

நானா தலையைக் குனிந்தார். "ஊரு பேசும் ஹஸரத்."

"ஆரு மச்சான் பேசுவாங்க? பேரச் சொல்லுங்க. அவங்களையும் கூப்பிட்டுக் கேப்பம்" என்றார் லாத்தா.

அது நானாவுக்குச் சுட்டுவிட்டது. எழும்பினார். "நான் அடிச்ச ஆணிய நான் கழட்ட மாட்டன். என்ட தம்பிட வீடு இது."

திரைக்குப் பின்னால் லாத்தா எழும்பும் சத்தம் கேட்டது.

"இது என்ட வாப்பா எனக்குத் தந்த சீதன வீடு மச்சான். உங்கட தம்பி இதில நல்லா வாழ்ந்தாரு. அவரு ஒரு நாளும் இந்த யன்னல மூடல்ல."

பிறகு உள்ளே எதையோ இழுக்கும் சத்தம். அடுத்தது தொம் என்று ஒரு இடி. தறப்பாள் வெளிப்பக்கமாகப் புடைத்தது. வெளியால் திறக்கிற யன்னல் அது. உள்ளிருந்து உலக்கையால் இடிக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. இரண்டாம் இடிக்கு ஓர் ஆணி தெறித்து முற்றத்தில் விழுந்தது. அடுத்த இடிக்குத் தறப்பாள் ஒரு முனையில் கிழிந்து, யன்னல் கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது. நீலத் தறப்பாள் காற்றில் அடித்துக்கொண்டது. உள்ளே யாரும் கண்ணில் படவில்லை. உலக்கையின் முனை மட்டும் ஒருதரம் தெரிந்து மறைந்தது. நானா வாயைத் திறந்தபடி நின்றார். ஹஸரத் காலடியில் கிடந்த செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அடுத்த யன்னலுக்கு இடி விழுந்தபோது நானா தன்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தோட்டத்துப் பக்கத்தில் இருந்ததை என் கணவரே ஆணி பிடுங்கிக் கழற்றிக் கொடுத்தார்.

பாதிக்கு மேல் செடிகள் போய்விட்டிருந்தன. லாத்தா யன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி தைத்துப் போட்டார். கூரைக் காற்றாடியை ஓடவிட்டார். நான் சோறு வடிப்பதைப் பின் விறாந்தைக்கு மாற்றிக்கொண்டேன். கத்தியும் கறுவாத் தூளும் எடுத்துக்கொண்டு லாத்தா முன் அறையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தண்டையும் அழுகலுக்கு மேலே வெட்டுவார். வெட்டின வாயில் அழுகின கபில நிற வட்டம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுவார். சுத்தமான பச்சை தெரிந்ததும் கறுவாத் தூளைத் தொட்டு வைத்துக் காய விடுவார். தண்டே போன செடியில் நல்ல இலை ஒன்று மிஞ்சியிருந்தால் அதைக் காய்ந்த மணலின் மேல் படுக்க வைப்பார். அந்தப் பெரிய தாமரையை வெட்டிக்கொண்டே போனார், போனார். நுனி வரைக்கும் கபிலம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நீங்க கொண்டு போய்க் கொட்டுங்க தங்கச்சி" என்றார் கடைசியில். "என்னால ஏலாது."

ஏலாது என்ற சொல் அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நான் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரும்போது அடுத்த செடியைக் கையில் எடுத்திருந்தார். முகம் நனைந்திருந்தது, கை நிற்கவில்லை.

இத்தா முடிந்தது பனியும் மழையும் விட்ட காலத்தில். மணலில் படுத்திருந்த இலைகளின் அடியில் அரிசி அளவில் குட்டிகள் வந்திருந்தன. உப்பு திரும்பக் கலகலத்தது. அன்று காலை கனமூலை நானா வேனில் வந்தார். கூடவே அவருடைய மனைவி. அந்தப் பெண் அதுவரை வந்த எந்த முறையும் வாய் திறந்து கதைத்து நான் கேட்டதில்லை. கணவர் கதைக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானா இப்போது கோபமாக இல்லை. மெலிந்து போயிருந்தார்.

"நடந்தது நடந்து போச்சு. சாமானக் கட்டுங்க. கனமூலையில பின் அறைய உங்களுக்கெண்டு ஒதுக்கீக்கிறம். ஏசியும் பூட்டீக்கிறன்."

"நான் வரல்ல மச்சான்."

"பொம்புள தனிய இரிக்க ஏலாது."

"ஆர் சொன்ன?"

நானா பள்ளிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். ஊர்ப் பாதையைப் பார்த்தார். அந்தப் பேர்கள் ஒன்றும் இங்கே செல்லாது என்று அவருக்குத் தெரியும். "நான் சொல்றன்" என்றார், மெதுவாக. "என்ட தம்பிக்கு நான் என்ன பதில் சொல்ற?"

அப்போது லாத்தாவின் முகம் இளகியதைக் கண்டேன். ஆனால் குரல் இளகவில்லை.

"உங்கட தம்பி உங்களிட்டக் கேக்க மாட்டாரு. நான் எப்பிடி இரிந்தனெண்டு அவருக்குத் தெரியும். பட்டறையில இனிச் செடி வளரும். விடுதிக்காரர் ரெண்டு பேர் தொறக்கிற யன்னல் வெச்சுக் கட்டிட்டு வந்து கேட்டீக்கிறாங்க. நீங்க எப்ப வந்தாலும் சோறு இரிக்கும் மச்சான். நான் வரமாட்டன்."

நானா வேனை நோக்கி நடந்தார். மனைவி போகவில்லை. யன்னலோரத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்டு தருவீங்களா மச்சி?"

"உனக்கு என்னத்துக்கு அது?" என்றார் நானா, வேனுக்குள் இருந்தே.

லாத்தா தட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மிஞ்சியதில் நல்லதாக ஒரு வரிக்குதிரையை எடுத்து வந்து அந்தப் பெண்ணின் இரண்டு கையிலும் வைத்தார்.

"இது ஏசியில இரிக்கப்படாது மச்சி. மடியில வெச்சிக்கிட்டு, கண்ணாடிய எறக்கிட்டுப் போங்க. வீட்டிலயும் அப்பிடித்தான். நீங்க இரிக்கிற அறையிட யன்னல் தொறந்தே கெடக்கோணும். மூடினா இது செத்திடும். மறந்திடாதீங்க."

வேன் வெளிக்கிட்டது. அந்தப் பெண் பக்கத்துக் கண்ணாடி கீழே இறங்கியது. நானா தன் பக்கத்திலிருந்து எதையோ அமத்தியிருக்க வேண்டும், கண்ணாடி பாதி வரை ஏறியது. திரும்ப இறங்கியது. திரும்ப ஏறியது. திரும்ப இறங்கியது. தென்னந்தோட்டம் முடிகிற வளைவில் நாங்கள் கடைசியாகப் பார்க்கும்போது இறங்கியே இருந்தது. அந்தப் பெண்ணின் முந்தானை வெளியே பறந்தது.

"கொஞ்ச நேரம் ஏசியில இரிந்தாச் செத்திடுமா லாத்தா, அந்தச் செடி?" என்று கேட்டேன்.

"செடிக்கு ஒண்டும் ஆகாது" என்றார்.